எலிச் சாக்கில் பட்டுப்புடவை

"எலி பட்டுப்புடவை கட்டுமா மேடம்?"

மாணிக்கவேல் இப்படிக் கேட்டபோது கைனடிக் ஹோண்டா ஆரணிக்குள் நுழைந்து, எதிரே வந்த நெல் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"கட்டாது" என்றாள் ரேணுகாதேவி.

"அப்ப எலி புடிச்ச சாக்குல முகூர்த்தப் பட்டு எப்படி வந்துச்சாம்?"

"அதைக் கேக்கத்தான் போறோம். லாரி போகுது, வாயை மூடிக்கோ. உமி பறக்குது."

வேலூரில் ரேணுகாதேவி நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு வரும் வழக்குகளில் முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயமானதா, இப்படி. மாணிக்கவேல் அவளிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். கொட்டகையில் கற்ற வாய் மட்டும் மிச்சம்.

இன்று காலை பேப்பரில் ஒரு படம் வந்திருந்தது. ஆரணி வடக்குமேடு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தசரதன் ஒரு பட்டுப்புடவையைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு நிற்கிறார். அரிசி மண்டி சம்பந்தத்தின் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய புடவை. திருடியவன் கன்னியப்பன், பத்தொன்பது வயது, ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை. வீட்டை ஒட்டிய மண்டிக் கிடங்கில் எலி பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவன் புடவையை எலிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்றது செய்தி. படம் வந்த ஒரு மணி நேரத்தில் ஆரணியிலிருந்து வக்கீல் குமரேசன் போன் செய்தார். ரேணுகாதேவியோடு கல்லூரியில் படித்தவர். "பையன் எடுக்கலன்னு அவங்கம்மா என் வாசல்ல உக்காந்து அழுவுறாங்க. எனக்குச் சட்டம்தான் தெரியும். இந்தப் புடவை சமாசாரத்துல என்னமோ இடிக்குது. நீ வந்து பாரேன்" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் புங்கமரத்தடியில் ஒரு பெண் குந்தியிருந்தாள். இவர்கள் வண்டியை நிறுத்தியதும் எழுந்து நின்றாள். எதற்காக எழுந்தோம் என்று அவளுக்கே தெரியாதது போல மறுபடி உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் தசரதன் குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். தன் வேலையைக் காட்ட ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"போட்டோவுல என்னைவிடப் புடவை நல்லா விழுந்திருக்குது, இல்ல?"

"நேர்ல பாக்கலாமா சார்?"

பழைய பேப்பரில் சுற்றிய புடவையை மேஜைமேல் வைத்து அவரே பிரித்தார். அரக்கு நிறம். மாங்காய் பார்டர்.

"எங்க கெடச்சுது?"

"குடிசைக்குப் பின்னால மணல்ல புதைச்சு வச்சிருந்தான். அவனே வந்து தோண்டிக் குடுத்தான்."

"வீட்டுலேர்ந்து எப்படிக் கொண்டு போனானாம்?"

"எலிச் சாக்குலதான்."

"சாக்குல எலியும் இருந்துச்சா?"

"இல்லாமலா? சாக்கு குதிச்சுகினு இருந்ததைச் சம்பந்தமே பாத்திருக்காரு. இவனுங்க உசுரோடதான் தூக்கிகினு போவானுங்க."

ரேணுகாதேவி குனிந்து புடவையை முகர்ந்தாள். மாணிக்கவேலும் குனிந்தான்.

"ஊதுவத்தி வாசனை" என்றான். "நல்ல பக்தியுள்ள எலிங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். ரேணுகாதேவி சிரிக்கவில்லை.

"ஒரு பெருச்சாளி போதும் சார், நெல்லு மூட்டையே கிழிஞ்சிடும். சாக்கு நிறைய உசுரோட எலி, நடுவுல பட்டு. ஒரு நூல்கூட அறுந்து போகல. மணல்ல புதைச்சதுன்னு சொல்றீங்க. மடிப்புக்குள்ள ஒரு துளி மணல் இல்ல. கடையில மடிச்ச மடிப்பு அப்படியே இருக்கு."

"நல்லா சொல்றீங்க மேடம். அப்ப இதுக்கும் பதில் சொல்லுங்க." முந்தானை ஓரத்தை எடுத்துக் காட்டினார். அங்கே காய்ந்துபோன மஞ்சள் தீற்றல் இருந்தது. "சம்பந்தம் அவரு கையால சாமி முன்னாடி வச்ச மஞ்சள். பாத்த உடனே அவரே சொல்லிட்டாரு. இது அந்த வீட்டுப் புடவைதான். அங்கேர்ந்து நடந்து வந்துச்சா?"

ரேணுகாதேவி அந்த மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பையனைப் பாக்கணும்."

"விசாரணை நடக்குது."

"ஒரு வாரமாவா? கோர்ட்டுல காட்டலியே?"

"நேத்து சாயங்காலம்தான் மேடம் புடிச்சோம்."

"போன வாரமே ஜீப்புல ஏத்திகினு வந்துட்டீங்கன்னு அவங்கம்மா வக்கீல் கிட்ட சொல்லியிருக்காங்க."

"அவங்களுக்கு நாள் கிழமை எல்லாம் தெரியுமா மேடம்?"

"அந்தக் கல்யாண வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து போயிருப்பாங்க சார். கொத்தனார், சுண்ணாம்பு அடிக்கிறவரு, பந்தல்காரரு. ஜீப் மட்டும் ஏன் நேரா ஏரிக்கரைக்குப் போச்சு?"

தசரதன் புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "எது காணாப் போனாலும் மொதல்ல அங்கதான் போவோம். அங்க போனா எப்பவும் ஒருத்தன் ஒத்துக்குவான்."

அதை அவர் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் புங்கமரத்தடிப் பெண் ஓடி வந்தாள். கன்னியப்பனின் தாய் சின்னம்மாள். வக்கீல் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் ரேணுகாதேவியின் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"உசுரோட இருக்கானாம்மா?"

"இருக்கான்."

"நேத்து வரிக்கும் சத்தம் கேட்டுகினு இருந்துச்சும்மா. காலையிலேர்ந்து கேக்கல. அதான் கேட்டேன்."

மாணிக்கவேலின் நாக்கு நுனியில் ஏதோ ஒரு கிண்டல் இருந்தது. அது அப்படியே உள்ளே போய்விட்டது.

"அன்னிக்கு அந்த வீட்டுல என்ன நடந்துச்சும்மா? அவன் ஏதாவது சொன்னானா?" என்றாள் ரேணுகாதேவி.

"இன்னா நடக்கும்? வளையில பொகை போட்டான், எலி புடிச்சான், சாக்குல போட்டுகினு வந்தான். ஆறு எலி நெருப்புல வாட்டித் துன்னோம். வூட்டுக்குள்ள அவன் போவவே இல்லம்மா. எங்கள எவன் வூட்டுக்குள்ள வுடுவான்? கொல்லைப்பக்கமா போனான், கொல்லைப்பக்கமா வந்தான்."

ரேணுகாதேவி வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள். "மாணிக்கம், இவங்க சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன் மேடம். ஜல்தி ஏறுங்க."

அரிசி மண்டி சம்பந்தம் கல்லாவில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். புடவை விஷயம் என்றதும் முகம் மலர்ந்தது.

"போலீஸ்னா அப்படி இருக்கணும்மா. அரக்குன்னு சொன்னேன். அரக்கு வந்துச்சு. மாங்கா பார்டருன்னு சொன்னேன். மாங்கா பார்டரு வந்துச்சு."

"சொன்னபடியே வந்திருக்கு, ஓட்டல் சாப்பாடு மாதிரி" என்றான் மாணிக்கவேல். சம்பந்தம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

"அந்தப் பையனை வீட்டுக்குள்ள விட்டீங்களாங்க?" என்று ரேணுகாதேவி கேட்டாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா பேச்சு இது? சாமி படம் இருக்கற வூடு. அவனை எதுக்கு உள்ள வுடுவேன்? கொல்லைக் கதவாண்ட நின்னான். டீகூட அங்கதான் குடுத்தோம், கொட்டாங்குச்சியில."

"புடவை எங்க இருந்துச்சு?"

"சாமி ரூம் பக்கத்துல, பீரோவுல."

"பூட்டியிருந்துச்சா?"

"சாவி என் இடுப்புலயும் இருக்கும், வூட்டுக்காரி இடுப்புலயும் இருக்கும்."

ரேணுகாதேவி காத்திருந்தாள். பையனை உள்ளே விடவில்லை, பீரோ பூட்டியிருந்தது என்ற இரண்டையும் அவரே சேர்த்துப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

"அவனுங்க எப்படி வேணா வருவானுங்கம்மா. ரத்தத்துலயே இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திரிகைக்கு மஞ்சள் தடவினார். "உள்ள போங்க. வூட்டுக்காரி இருக்கா. காபி சாப்டுங்க."

சம்பந்தத்தின் மனைவி கற்பகம் காபி கொண்டுவந்து வைத்தாள். கல்யாண வீட்டுக்காரியின் முகமாக அது இல்லை. கண்ணுக்கடியில் கருவளையம். மகள் பானுப்ரியா வந்தவாசியில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பியிருக்கிறோம் என்றாள். புடவையைப் பற்றிக் கேட்டால், "அவருக்குத்தாங்க எல்லாம் தெரியும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

கொல்லைப்பக்கமாக ஒரு பெண் குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். "கற்பகம்மா! ரவிக்கை முடிஞ்சிடுச்சு. கை மட்டும் பாத்துக்கோங்க, இறுக்கமா இருந்தா பிரிச்சுத் தரேன்." தையல்காரி ரங்கம்மாள். பையிலிருந்து ரவிக்கையை எடுத்து உதறிக் காட்டினாள். கிளிப்பச்சைப் பட்டு. கையோரத்தில் கோபுரம் கோபுரமாக ஜரிகை.

கற்பகம் அதை வாங்கிய வேகம், அடுப்பிலிருந்து விழுந்த கொள்ளியை எடுப்பது போல இருந்தது. "சரி சரி, நீ போ ரங்கம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

தையல்காரி போனதும் மாணிக்கவேல் காபியை உறிஞ்சினான். கல்யாண வீடு என்றால் ஆயிரம் ரவிக்கை வரும், அதில் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. ரேணுகாதேவி டம்ளரைத் தொடவே இல்லை.

"முகூர்த்தத்துக்குத்தானே இந்த ரவிக்கை?"

"இல்ல, அது வந்து... சும்மா..."

"ரங்கம்மா இவ்வளவு பாத்துப் பாத்துச் சும்மா ஒரு ரவிக்கை தைக்க மாட்டாங்க. இது தனியா எடுத்த துணி இல்ல. புடவையோட சேத்து நெய்து வர்ற துணி. அந்த ஓரத்தை வெட்டித்தான் ரவிக்கை தைப்பாங்க. அரக்குப் புடவையில கிளிப்பச்சை வராது. மாங்கா பார்டருல கோபுரம் வராது." ரேணுகாதேவி குரலைத் தாழ்த்தினாள். "ரவிக்கை வந்துடுச்சுன்னா, இந்தப் புடவை எங்கயோ பத்திரமா இருக்கு. அரக்குப் புடவையை என்னம்மா பண்ணீங்க?"

முன்கட்டில் சம்பந்தத்தின் குரல் யாரையோ அதட்டியது. கற்பகம் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பானுவுக்கு அரக்கு புடிக்கலம்மா. அழுதுகினே இருந்தா. அவரு பாத்துப் பாத்து எடுத்தது, மாத்தலாம்னு சொன்னா வூடே ரெண்டாயிடும். தெரிஞ்ச கடைதான், நானே எடுத்துகினு போயி குடுத்துட்டு இதை வாங்கிகினேன். மணவறையில உக்காந்தப்புறம் பாத்தா என்ன பண்ணப் போறாருன்னு நெனச்சேன். புடவை ரங்கம்மா கிட்ட இருக்குது, முந்தானைக்குக் குச்சம் போட."

"அப்ப திருட்டே நடக்கல" என்றான் மாணிக்கவேல் மெதுவாக.

"சம்பந்தி வூட்டு மனுசங்க வந்திருந்தாங்க. அவங்களுக்குக் காட்டறேன்னு இவரு பீரோவத் தெறந்தாரு. பெட்டி காலி. அத்தனை பேருக்கு முன்னால நான் இன்னான்னு சொல்றது? வாய் வரல. 'அந்த எலி புடிக்கறவன்தான்'னு இவரே சொன்னாரு. நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. கேட்டுட்டு வுட்டுடுவாங்கன்னு நெனச்சேம்மா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். இன்னிக்கிப் பேப்பர்ல அந்தப் புடவையப் பாத்தேன்..." கற்பகம் நிமிர்ந்தாள். "மஞ்சள் வச்ச அதே புடவையாமே! கடையில குடுத்தது அந்தப் புள்ள குடிசைக்கு எப்படிம்மா போச்சு?"

"அங்க போகவே இல்ல. கடையிலேர்ந்து நேரா ஸ்டேஷனுக்குப் போச்சு. உங்க வீட்டுக்காரர் சொன்ன கலர்ல, சொன்ன பார்டர்ல ஒரு புடவை வேணும்னு போலீஸ் அந்தக் கடையிலயே கேட்டிருக்கும். அலமாரியில இருந்ததைக் கடைக்காரர் எடுத்துக் குடுத்திருப்பார். எந்தக் கேசுக்குன்னு அவருக்குத் தெரியாது, அதே புடவைன்னு போலீசுக்குத் தெரியாது. அதான் கடை ஊதுவத்தி வாசனை. அதான் கடை மடிப்பு."

மாணிக்கவேலுக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. இல்லாத திருட்டுக்கு உண்மையான புடவை! ஆனால் ரேணுகாதேவியின் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை.

"நீங்க ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்லணும்மா."

கற்பகம் ரவிக்கையின் கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "கல்யாணம் நின்னுடும்மா" என்றாள். ரேணுகாதேவி வற்புறுத்தவில்லை.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மாணிக்கவேல் பொங்கிக்கொண்டே வந்தான். "அந்தம்மா வர மாட்டாங்க மேடம். நம்ம கிட்ட இருக்கறது வெறும் பேச்சு. பேச்சை எடுத்துகினு போனா, அந்த ஆளு அதையும் மடிச்சு பீரோவுல வச்சிடுவாரு."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குப் போறோம்?"

"அந்தப் பையன் அங்கதானே இருக்கான்?"

தசரதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "அந்தம்மா வந்து சொல்லுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து கற்பகம் இறங்கினாள். தலை கலைந்திருந்தது. நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தாள். மாணிக்கவேல் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அவன் வாழ்க்கையில் அப்படி யாருக்கும் எழுந்து நின்றதில்லை.

பையிலிருந்து குச்சம் பாதி கட்டிய கிளிப்பச்சைப் புடவையை எடுத்து மேஜைமேல் வைத்தாள் கற்பகம். ரேணுகாதேவியிடம் சொன்னதையே ஒன்று விடாமல் சொன்னாள். "அந்தப் புள்ள எடுக்கலீங்க. எங்க வூட்டுல எதுவுமே காணாப் போவல. அவனை வுட்டுடுங்க."

தசரதன் போன்மேல் கை வைத்தார். "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமாம்மா?"

"கூப்பிடுங்க" என்றாள் கற்பகம்.

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. போனிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"எதுக்கும்மா? கல்யாண நேரம். நீங்க சொன்னா சரி. புடவையை அவன் எடுக்கல. உங்க வீட்டுக்காரர் மறதியா குடுத்த புகாரு. நான் அவரைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கி அதை மூடிடறேன். சந்தோஷமா?"

கற்பகத்தின் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது. மாணிக்கவேல் ரேணுகாதேவியைப் பார்த்தான். அவள் இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பையனை அனுப்புங்க" என்றாள்.

"எப்படி மேடம் அனுப்ப முடியும்? புடவையை எடுக்கல. மத்ததை எடுத்தானே!"

"மத்தது எது?"

"கலசப்பாக்கம் ரோட்டுல ஒரு கிணத்து மோட்டார். ஒரு கோயில் மணி. நாலஞ்சு சைக்கிள். ரொம்ப நாளா துப்பு கெடைக்காம இருந்த கேசுங்க. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். நல்ல பையன்."

"மோட்டாரை ஒரு ஆள் தூக்க முடியுமா சார்? நாலு பேர் வேணும்."

"அதேதான் மேடம் நானும் நெனச்சேன். கூட்டாளிங்க பேரை இன்னும் நான் கேக்கல."

அரக்குப் புடவை வழக்கு ஒன்றுதான் போலீஸின் பொய்யைக் கோர்ட்டில் நிரூபித்திருக்கும். நடந்ததை இவர்களே வந்து அவரிடம் சொல்லி, அந்த வழக்கையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். மாணிக்கவேலுக்கு இது மெதுவாகத்தான் புரிந்தது.

"நம்பலைன்னா அவனையே கேளுங்க" என்றார் தசரதன். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கன்னியப்பனை ஒரு ஏட்டு கூட்டிவந்தார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். பாதம் இரண்டும் வீங்கி, நடப்பது போலவே இல்லை. எதன்மேலோ வழுக்கி வழுக்கி வருவது போல இருந்தது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. முகத்தில் மட்டும் ஒரு காயமும் இல்லை. அடித்தவர்கள் முகத்தைக் கவனமாக விட்டுவைத்திருந்தார்கள். கற்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரேணுகாதேவி அவன் உயரத்துக்குக் குனிந்தாள். "கன்னியப்பா, நான் வக்கீல் அனுப்பின ஆளு. பயப்படாதே. புடவையை நீ எடுக்கலன்னு தெரிஞ்சிடுச்சு. இந்தம்மாவே வந்து சொல்லிட்டாங்க. பாரு."

அவன் கற்பகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த கிளிப்பச்சைப் புடவையைப் பார்த்தான்.

"எடுத்தேங்க" என்றான்.

"இல்லப்பா. இதை நீ பாத்ததே இல்ல."

"எடுத்தேங்க. இதையும் எடுத்தேங்க."

மாணிக்கவேலுக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்கே பிற்பாடு விளங்கவில்லை. அந்தப் பையனை எப்படியாவது ஒரு தடவை 'இல்லை' என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. கொட்டகையில் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவன், இவனையும் ஒரு நொடி சிரிக்க வைத்தால் போதும் என்று நினைத்தான். தன் கையை நீட்டி, மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை அவன் முகத்துக்கு நேரே காட்டினான்.

"தம்பி, இங்க பாரு. இந்த வாட்சு. என் கையில இருக்குது பாரு. இதையுமா நீ எடுத்தே?"

கன்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ஏட்டின் கையைப் பார்த்தான்.

"எடுத்தேங்க."

தசரதன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? உங்க வாய்க்கு ஏத்த பதில்."

மாணிக்கவேல் கையை இழுத்துக்கொண்டான். அந்தக் கை யாருடையதோ போல இருந்தது.

மறுநாள் கோர்ட்டில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. புடவையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி ஒரு வழக்கே இல்லை. மோட்டார், மணி, சைக்கிள்கள். குமரேசன் எழுந்து பையனின் காலைப் பாருங்கள் ஐயா என்றார். போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். கன்னியப்பன் பக்கத்தில் நின்ற ஏட்டைப் பார்த்துவிட்டு, கிணற்றில் விழுந்துவிட்டேன் ஐயா என்றான். டாக்டர் காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. வேலூர் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவாயிற்று. ஜாமீனுக்கு மனு போடுகிறேன் என்றார் குமரேசன். "இத்தனை கேசுல எப்பக் கெடைக்கும்னு தெரியல" என்பதையும் அவரே சொன்னார்.

கற்பகம் வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் சம்பந்தம் என்று ரங்கம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணம் நடக்கும், அம்மா இல்லாமல் நடக்கும் என்றாள்.

வேனில் ஏற்றும்போது கன்னியப்பனுக்குப் படியில் கால் எழும்பவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். சின்னம்மாள் வேனின் பக்கத்திலேயே ஓடி, கேட் தாண்டியதும் நின்றுவிட்டாள். திரும்பி வந்து ரேணுகாதேவியின் முன்னால் நின்றாள். அழவில்லை. ஏதோ முடிவுக்கு வந்த முகம்.

"கூட இருந்தவங்க பேரு கேக்கறாங்களாம். நெசமா?"

"ஆமாம்மா."

"அவன் சொல்லிடுவான். இப்ப எதக் கேட்டாலும் சொல்லிடுவான். எங்க ஏரிக்கரையில வயசுப் புள்ளைங்க இன்னும் அஞ்சாறு பேரு இருக்குதும்மா." குரலைத் தாழ்த்தினாள். "வக்கீலய்யா ஜெயிலுக்குள்ள போயி அவனைப் பாப்பாரு இல்ல? என் பேரைச் சொல்லச் சொல்லுங்க. மோட்டாரு எடுக்க எங்கம்மாதான் கூட வந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க."

ரேணுகாதேவி வாயைத் திறந்தாள். சின்னம்மாள் அவளைப் பேச விடாமல் மாணிக்கவேலின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க படிச்ச மனுசரு. அந்த மோட்டாரு இன்னா கனம் இருக்கும் சாமி? நான் ஒரு பக்கம் புடிச்சேன்னு சொன்னா நம்புவாங்களா?"